மெஷின் வந்துவிட்டது, மனசு வரவில்லை: சூப்பர்வைசர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்துக் கூலிமைச் சுற்றி ஒரு காலத்தில் திரும்பிய பக்கமெல்லாம் ரப்பர் தோட்டம். இன்று ஒரு பக்கம் செம்பனை, இன்னொரு பக்கம் 1996இல் திறந்த உயர்தொழில்நுட்பப் பூங்கா. பால் வெட்டியவரின் பேத்தி தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு சிப் தயாரிக்கும் அறையில் நிற்கிறாள். அவளுடைய லைன் லீடரும் தோட்டத்துப் பிள்ளைதான்.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கெடாவில் அது வார விடுமுறை என்பதால், இங்கே ஒரு கோவில் மண்டபத்தில் நாங்கள் சிலர் கூடுகிறோம். லைன் லீடர்கள், தோட்டத்து மண்டோர்கள் (கங்காணிகள்), பட்டறை வைத்திருப்பவர்கள், ஒன்றிரண்டு மளிகைக்கடை முதலாளிகள். நான் ஆபரேட்டராகச் சேர்ந்து, சூப்பர்வைசராகி, ஆள் நிர்வாகத்தில் வந்து நின்றவன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எழுதி வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். அதுதான் இது.

புதிதாக எதைக் கொண்டுவந்தாலும் ஆட்கள் ஏன் முரண்டு பிடிக்கிறார்கள்?

என் அம்மாவும் அப்பாவும் பாடாங் செராய் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டினார்கள். விடியும் முன்பே பெரட்டு. மண்டோர் பேர் கூப்பிடுவார், கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், குறித்துக்கொள்வார், யாருக்கு எந்த மர நிரை என்று சொல்வார்கள். யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் பெரட்டில், "நாளையிலிருந்து நாலாம் நம்பர் காட்டுக்குப் போகவேண்டாம்" என்றார்கள். தகவல் அவ்வளவுதான். மறுநாள் ரம்பச் சத்தம் கேட்ட பிறகுதான், மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை போடப் போகிறார்கள் என்று தெரிந்தது.

அம்மா நல்ல வெட்டுக்காரி. மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மெலிசாகச் சீவுவதில் அவருக்குப் பேர் இருந்தது. செம்பனையில் குலை வெட்டுவது ஆண்கள் வேலை. பெண்களுக்கு உதிரிப் பழம் பொறுக்குவது, உரம் போடுவது, மருந்து அடிப்பது. கைக்கு வரும் காசு பெரிதாகக் குறையவில்லை என்பார் அப்பா. அம்மா மட்டும் கடைசிவரை செம்பனையை "அந்த முள்ளு மரம்" என்றுதான் சொன்னார். மரத்தின் மேல் அவருக்கு என்ன கோபம்? கையில் இருந்த வித்தைக்கு ஒரே காலையில் வேலையில்லாமல் போனதுதான் கோபம்.

அதனால் யாராவது முரண்டு பிடித்தால் நான் முதலில் பார்ப்பது, இந்த மாற்றம் அவரிடமிருந்து எதைப் பிடுங்குகிறது என்பதை. கைத்திறனையா, "இதை அக்காவைக் கேளு" என்ற மரியாதையையா, பத்து வருஷமாகப் பக்கத்தில் நின்ற கூட்டாளியையா, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவர இருந்த அரைமணி நேரத்தையா? பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றாக இருக்கும். எது என்று தெரியாமல் கூட்டம் போட்டு விளக்குவது தலைவலிக்கு வயிற்று மருந்து கொடுப்பது மாதிரி.

இதை நிஜமாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு பைஜாமா தொழிற்சாலையில் லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்சு என்ற இருவர் செய்த ஆய்வு, 1948இல் வெளிவந்தது. வேலை முறையை மாற்றும்போது ஒரு குழுவுக்கு வெறுமனே அறிவித்தார்கள். வேறு சில குழுக்களை உட்காரவைத்து, புது முறையை வகுப்பதிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அறிவிப்பு மட்டும் கேட்ட குழுவின் உற்பத்தி விழுந்தது, 40 நாளுக்குள் நூற்றுக்கு 17 பேர் வேலையை விட்டார்கள். எல்லாருமே சேர்ந்து வகுத்த குழுக்களில் ஒருவரும் விலகவில்லை, உற்பத்தியும் பழைய அளவைத் தாண்டியது. ஒரே தொழிற்சாலை, ஒரே மாதிரி வேலை.

எல்லாம் முடிவான பிறகு சொன்னால் போதாதா? அரைகுறையாகச் சொன்னால் பயந்துவிடுவார்களே?

நீங்கள் சொல்லாவிட்டால் ஒட்டுக்கடையில் சொல்லிவிடுவார்கள். புது மெஷின் வரும் முன்பே அதை இறக்க வந்த லாரி டிரைவர் தே தாரேக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போயிருப்பார். அதில் பாதி கற்பனையாக இருக்கும், அந்தப் பாதிதான் வேகமாகப் பரவும்.

நான் மூன்று பிரிவாகச் சொல்வேன்: முடிவானது இது, முடிவாகாதது இது, முடிவாகாததை இந்தத் தேதியில் சொல்வேன். தேதி வந்தும் முடிவு வரவில்லை என்றால், "இன்னும் வரவில்லை" என்று சொல்வதற்காகவே அன்றைக்குப் போய் நிற்கவேண்டும். ஒருமுறை நான் போகவில்லை, அடுத்த ஆறு மாதம் என் பேச்சுக்கு மதிப்பில்லை.

வாட்ஸ்அப் குழுவில் போடுவது சொன்னதாகாது. முகம் பார்த்துச் சொல்லிவிட்டு, ஞாபகத்துக்கு வேண்டுமானால் குழுவில் போடுங்கள்.

கடைசியில் எல்லாம் சம்பளம்தானே? கூட்டிக் கொடுத்தால் ஊக்கம் தானாக வராதா?

சம்பளம் பற்றாத இடத்தில் ஊக்கத்தைப் பற்றிப் பேசுவதே பாவம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரிசி வாங்கக் கஷ்டப்படுகிறவரைப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

ஆனால் சம்பளம் செய்யக்கூடியதற்கு ஓர் எல்லை இருக்கிறது. பிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் இதைப் பற்றி எழுதினார். சுமார் இருநூறு பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டதில் அவருக்குத் தெரிந்தது: சம்பளம், விதிமுறை, மேலதிகாரியின் குணம் இதெல்லாம் சரியில்லை என்றால் ஆள் கசந்துபோவார், சரியாக இருந்தால் கசப்பு போகும், அவ்வளவே. வேலையில் ஓர் ஈடுபாடு பிறப்பது வேறு இடத்திலிருந்து: ஒன்றைச் சாதித்த நிறைவு, அதை யாரோ கவனித்தது, பொறுப்பு, கற்றுக்கொள்ளும் வாய்ப்பு. பிற்காலத்தில் இதைக் கேள்வி கேட்டவர்கள் உண்டு. என் அனுபவத்துக்கு ஒத்துவருகிறது, அதனால் நம்புகிறேன்.

நம் ஊரில் சம்பளத்தால் வரும் பெரிய மனத்தாங்கல் வேறு ஒன்று. 2013இல் முதன்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளம் வந்தபோது தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 வெள்ளி (ரிங்கிட்). 2022 மே மாதம் 1,500. ஐந்து பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கு 2025 பிப்ரவரியிலிருந்து 1,700, சிறிய இடங்களுக்கு அந்த ஆகஸ்ட்டிலிருந்து. நல்ல விஷயம்தான். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைத்து, பத்தும் இருபதுமாக ஏறி 1,650க்கு வந்து நின்றவரை யோசித்துப் பாருங்கள். சட்டம் அவரை 1,700க்குத் தூக்குகிறது. நேற்று வந்த பையனுக்கும் 1,700. "என் பன்னிரண்டு வருஷத்துக்கு விலை என்ன சார்?" என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அன்று எனக்குப் பதில் வரவில்லை.

சட்டம் கீழ்ப்படியை மட்டும்தான் தூக்கும். மேலே உள்ள படிகளை முதலாளிதான் தூக்கவேண்டும். எங்கள் கூட்டத்துக்கு வரும் மளிகைக்கடைக்காரர் ஒருவர் வருஷத்துக்கு 15 வெள்ளி வீதம் சேவைக்கால அலவன்ஸ் வைத்தார். பத்து வருஷம் ஆனவருக்கு மாதம் 150. தொகை சின்னதுதான், ஆனால் சம்பளச் சீட்டில் தனி வரியாகப் போட்டார். அந்த வரியைக் கடைப்பையன்கள் எண்ணிப் பார்க்கிறார்களாம்.

பதினைந்து வருஷம் வேலை பார்த்த அக்கா புது டேப்லெட்டைத் தொடவே மறுக்கிறார். என்ன செய்வது?

அந்த அக்காவின் வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா? பேரப்பிள்ளையோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருப்பார். நாடகத்தை முன்னே பின்னே ஓட்டிப் பார்ப்பார். கைக்கு வராமல் இல்லை. இருபது வயதுப் பிள்ளைகள் பார்க்கத் தப்பு செய்வதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் முதல் பயிற்சியைப் பெரிய அறையில், ஆங்கிலத்தில், முப்பது பேருக்கு ஒன்றாக வைத்தோம். பயிற்றுநர் "புரிகிறதா?" என்று கேட்டார், எல்லாரும் தலையாட்டினார்கள், மறுநாள் ஒருவரும் தொடவில்லை. இரண்டாம் முறை மாற்றினோம். ஷிப்ட் முடியும் முன் இருபது நிமிடம், இரண்டிரண்டு பேராக, பழைய லைனிலேயே. தப்பு செய்தால் எதுவும் பதிவாகாத மாதிரி ஒரு பயிற்சிக் கணக்கு. மலாயில் இருந்த பொத்தான்களின் படத்தை அச்சடித்துப் பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டினோம். அப்புறம் இன்னொன்று, இதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்: அக்காவிடம் "இந்தத் திரையில் எது தப்பாக இருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்டோம். பழுதுகளின் பட்டியலில் அவர் தினமும் பார்க்கும் ஒரு கீறல் வகை இல்லவே இல்லை. மென்பொருள் எழுதியவருக்கு அது தெரிய வழியில்லை. அதைச் சேர்த்த நாளிலிருந்து அந்த டேப்லெட் அக்காவுடையதாகிவிட்டது. அடுத்த பேட்சுக்கு அவரே கற்றுக்கொடுத்தார்.

பயிற்சிக்குக் காசில்லை என்று முதலாளி சொன்னால் ஒன்று கேளுங்கள். பத்து மலேசியத் தொழிலாளரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள், தொழிலாளர் பயிற்சிக்கான அரசு அமைப்பான எச்.ஆர்.டி. கார்ப்புக்கு மாதச் சம்பளத்தில் 1 விழுக்காடு லெவி கட்டுகின்றன. அது பயிற்சிக்காகவே இருக்கும் பணம். கட்டிவிட்டு எடுக்காமலே விடுகிற முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

என்னைவிட மூத்தவரை, அதுவும் அப்பாவின் கூட்டாளியை, நான் எப்படிக் கண்டிப்பது?

எங்கள் கூட்டத்தில் ஒரு முழு வெள்ளிக்கிழமையைத் தின்ற கேள்வி இது.

மேனேஜ்மென்ட் பயிற்சியில் "நேரடியாகச் சொல்" என்பார்கள். ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்து, அவர் தோளில் உட்கார்ந்து தீமிதி பார்த்த பையன் அவரிடம் போய், "உங்கள் செயல்திறன் குறைவாக உள்ளது" என்று சொன்னால் மறுநாள் இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தையை நிறுத்திவிடும். அதற்காகச் சொல்லாமல் விட்டால் மற்ற பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முறையைச் சொல்லியே கூப்பிடுங்கள். அண்ணே என்றால் அண்ணேதான், மாமா என்றால் மாமா. ஆள் இல்லாத இடமாகப் பாருங்கள், கேன்டீன் வேண்டாம். ஆளைப் பற்றிப் பேசாமல் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்: "அண்ணே, நேத்து இந்தப் பெட்டியில் எட்டு ரிஜெக்ட் வந்திருக்கு. எங்கே போகுதுன்னு எனக்குப் பிடிபடலை, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க." பத்தில் ஏழெட்டுப் பேர் அந்த இடத்திலேயே தப்பைக் கண்டுபிடித்துவிடுவார்கள், நீங்கள் சொல்லத் தேவையே இல்லாமல்.

மீதி இரண்டு மூன்று பேர் உறவைக் கேடயமாகப் பிடிப்பார்கள். "என்னையே கேக்கிறியா தம்பி?" என்பார்கள். அங்கே கொஞ்சம் இறுகத்தான் வேண்டும். பாதுகாப்பு விஷயத்தில், அதாவது மெஷினின் காவல் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது, குலை வெட்டும்போது தலைக்கவசம் போடாதது போன்றவற்றில், எனக்கு அண்ணனும் இல்லை மாமாவும் இல்லை. இதை நல்ல நாளிலேயே எல்லார் முன்னாலும் சொல்லி வைத்துவிடுங்கள். சம்பவம் நடந்த பிறகு சொன்னால் பழிவாங்குவதாகத்தான் தோன்றும்.

இளசுகள் ஆறு மாதத்தில் ஓடிவிடுகிறார்கள். இந்தத் தலைமுறைக்குப் பொறுமையே இல்லையா?

நம் தலைமுறைக்குப் பொறுமை இருந்ததா, வேறு வழி இல்லாமல் இருந்ததா? வேலையை விட்டால் தோட்டத்து வீடும் போய்விடும் என்ற நிலையில் இருந்தவர்கள் நம் பெற்றோர். இன்று பையனிடம் மோட்டார் இருக்கிறது, கைப்பேசி இருக்கிறது. சாப்பாடு டெலிவரி ஓட்டலாம், பினாங்கின் பிறையில் வேலை பார்க்கலாம், ஜொகூர் போய்ச் சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டலாம்.

போகிறவரைப் பிடித்து வைக்கும் வித்தை எனக்குத் தெரியாது. ஆனால் பெரும்பாலோர் முதல் மாதத்திலேயே மனசுக்குள் முடிவு செய்துவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. முதல் நாள் யாருடன் பசியாறினார், லாக்கர் சாவி கிடைத்ததா, பேர் சொல்லிக் கூப்பிட்டார்களா, "டேய் புதுசு" என்று கூப்பிட்டார்களா என்பதெல்லாம் கணக்கில் வரும். இரண்டாவது வாரம் ஒருமுறை, ஆறாவது வாரம் ஒருமுறை பத்து நிமிடம் உட்கார்ந்து, அடுத்து அவர் என்ன கற்கலாம் என்று பேசுங்கள்.

எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுப்பவர்களை என்ன செய்வது?

யார் எடுக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு எந்தக் கிழமை, எந்த ஷிப்ட் என்று பாருங்கள். ஒரே ஷிப்டில் குவிந்தால் பிரச்சினை அந்த ஷிப்டின் லீடரிடம் இருக்கலாம். அது நீங்களாகவும் இருக்கலாம்.

குலைக்கு இவ்வளவு, துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால் தானாக ஓடமாட்டார்களா?

ஓடுவார்கள். நீங்கள் எதை எண்ணுகிறீர்களோ அதை நோக்கி ஓடுவார்கள். செம்பனை மண்டோர்களைக் கேட்டால் சொல்வார்கள்: குலைக்கு மட்டும் காசு என்றால் பழுக்காத குலையும் கீழே விழும், உதிரிப் பழம் பொறுக்க ஆள் இருக்காது. பழுத்த குலைக்கு அடையாளமே நாலு பழம் உதிர்ந்து கிடப்பதுதான், எண்ணெயும் அதில்தான். அதனால் உதிரிக்குத் தனிக்கூலி, பச்சைக் குலைக்குப் பிடித்தம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. தொழிற்சாலையிலும் இதே கதைதான். எண்ணிக்கைக்குப் பரிசு வைத்த மாதம் ரிஜெக்ட் ஏறும். பரிசு வைப்பதென்றால் லைனுக்கு வையுங்கள், ஆளுக்கு வைத்தால் பக்கத்து மெஷின் நின்றாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

வெளிநாட்டுத் தொழிலாளர் வந்ததும் நம் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள்.

நம் தாத்தாக்களும் கப்பலில் வந்தவர்கள்தான் என்று ஞாபகப்படுத்தலாம், ஆனால் அந்தப் பேச்சு எடுபடுவதில்லை. சுளிப்புக்குப் பின்னால் இருப்பது ஓ.டி. (கூடுதல் நேர வேலை) அவர்களுக்குப் போகிறது என்ற கணக்கு. ஓ.டி. பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள், சுழற்சியில் கொடுங்கள். நேபாளத் தம்பிகளுக்கு தசாய், வங்காளதேசத்தவருக்கு ஹரிராயா என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு நம் ஆட்கள் ஷிப்ட் மாற்றிக்கொடுத்தால் தீபாவளிக்கு அவர்கள் மாற்றிக்கொடுப்பார்கள். எங்கள் லைனில் இது யாரும் உத்தரவு போடாமலே நடக்கிறது.

வேலை நேரத்தை மாற்றிக் கேட்கிறார்கள். கொடுத்தே ஆகவேண்டுமா?

கொடுத்தே ஆகவேண்டும் என்றில்லை, பதில் சொல்லியே ஆகவேண்டும். 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தப்படி, தொழிலாளி எழுத்தில் விண்ணப்பித்தால் முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும், மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். அதே திருத்தத்தில்தான் வார வேலை நேரம் 48லிருந்து 45 ஆனது, பிரசவ விடுப்பு 98 நாளானது, தந்தைக்கு 7 நாள் வந்தது. "அதெல்லாம் ஆபீஸ் ஆட்களுக்கு" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். லைனில் நிற்பவருக்கும் உண்டு.

ஆட்குறைப்பு வரப்போகிறது என்று மேலிடம் சொல்லிவிட்டது. என் ஆட்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

முதலில் காகிதங்களைக் கையில் எடுங்கள். ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆட்குறைப்பு நிதி உண்டு: இரண்டு வருஷத்துக்குக் கீழ் என்றால் ஒவ்வொரு ஆண்டுக்கும் 10 நாள் சம்பளம், ஐந்துக்குக் கீழ் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். முன்னறிவிப்பு நான்கு, ஆறு, எட்டு வாரம் என்று சேவைக்காலத்தைப் பொறுத்து மாறும். வேலை போன 60 நாளுக்குள் சொக்சோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைக் காப்புறுதிக்கு விண்ணப்பிக்கவேண்டும். இந்த 60 நாளைத் தவறவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. நீங்கள் பாரத்தை அச்சடித்து, உட்கார்ந்து நிரப்பிக்கொடுங்கள்.

நான் வேலை செய்த ஓரிடத்தில், காலை ஷிப்டுக்கு வந்தவர்களின் அட்டை வாசலில் வேலை செய்யவில்லை. அப்படித்தான் அவர்களுக்குத் தெரிந்தது. பட்டியலில் இல்லாதவர்கள் உள்ளே போய் வேலை பார்த்தார்கள், அன்று யாரும் யாருடனும் பேசவில்லை. அடுத்த மூன்று மாதத்தில் நாங்கள் இழக்க விரும்பாத ஆட்கள் ஒவ்வொருவராகத் தாமாகவே போனார்கள். ரம்பச் சத்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட அம்மா எனக்கு அன்று ஞாபகத்துக்கு வந்தார்.

பட்டியலில் உள்ளவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நீங்களே சொல்லுங்கள், எச்.ஆர். பக்கத்தில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமைக்கு முந்தைய மாலையில் சொல்லாதீர்கள். மறுநாள் கேள்வி கேட்க அவருக்கு அலுவலகம் திறந்திருக்கவேண்டும். எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு லைன் லீடர் போன வருஷம் ஆறு பேரிடம் சொல்லவேண்டி வந்தது. ஆறாவது ஆளுக்குச் சொல்லி முடித்ததும் அந்த ஆள் எழுந்து, "நீ சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டாராம். இருவரும் கேன்டீனுக்குப் போயிருக்கிறார்கள்.